கதவுக்குப் பின்னால் இரண்டு கூடை எரு

அந்தப் பள்ளிக்கூடத்து நூலகருக்கு எதையும் மறைக்கத் தெரியாத முகம். பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும்போது, நாலு பக்கம் தள்ளி யாரோ சாகப்போகிறார்கள் என்றால் இப்போதே அவள் மூக்கு சிவந்துவிடும். நல்லது நடக்கப்போகிறது என்றால் வாய் காதுவரை போய்விடும். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு மூக்கைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். "மிஸ் மூக்கைப் பாருங்கடா, நாய்க்குட்டி பொழைக்காது" என்று பின்வரிசையில் ஒருத்தன் அறிவித்ததில், போன வருஷம் ஒரு அருமையான கதை பாதியிலேயே பாழாய்ப் போனது.

அதனால் இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கும் கதையை அவள் முன்கூட்டிப் படிக்கக் கூடாது.

"படிக்காம எப்படிம்மா வாசிக்கறது?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"எங்களோட சேர்ந்து படிங்க மிஸ். நாங்க மட்டும் தவிக்கணுமா?" என்றாள் ரேடியோ. ஆறாம் வகுப்பு. வாய் ஓயாததால் அந்தப் பெயர். சொன்னதோடு விடவில்லை. தினமும் வாசிப்பு முடிந்ததும் மிச்சப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள். மறுநாள் பட்டை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புத்தகம் மிஸ் கைக்கு வரும்.

நூலகம் மாடியில் ஒரு நீள அறை. ஜன்னலுக்குக் கீழே பாய்கள், நடுவில் கால் ஆடும் மேஜை, வாசல் பக்கம் ஒரு சின்ன அலமாரி. அலமாரிக்கு மேலே கலர் சாக்பீஸில் 'இந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடிச்சது' என்று எழுதியிருப்பாள். அதில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. புதுப் புத்தகப் பெட்டி வந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டுக்குத் தூக்கிப் போய், அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் படித்து, தேறியதைத்தான் அங்கே வைப்பாள். இந்த வருஷம் 'மொட்டை மாடித் திமிங்கலம்' இருந்தது. பக்கத்துக்கு ஒரு வரிகூட இல்லாத படக்கதை. அண்ணனும் தங்கையும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் திமிங்கலத்தின் கண்ணை வரைந்திருந்த விதத்தில் அவள் சொக்கிப் போயிருந்தாள். பக்கத்தில் 'இந்த எறும்பு எங்கே போகிறது?'. ஒரே ஒரு எறும்பைப் பின்தொடர்ந்து பகல் முழுக்கத் தவழ்ந்த ஒருவர் எழுதியது. அதைப் படித்த பிறகு மூன்றாம் வகுப்பே விளையாட்டு நேரத்தில் தரையில் கவிழ்ந்து கிடந்தது. அப்புறம் 'பல் விழுந்தவர்கள் சங்கம்'. அதை இரவல் வாங்க, முன்பல் ஆடுகிற பிள்ளைகள் வரிசை கட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே 'உப்புக் கப்பல்'. பச்சை அட்டை, தடித்த புத்தகம். அதற்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு: 'முடிவு எனக்கும் தெரியாது. ஆனாலும் பிடிக்கும்.'

கதை இதுதான். உப்பு ஏற்றிப் போகும் கப்பலில் சமையல்காரராகப் போன அப்பா திரும்பவில்லை. மகள் யாருக்கும் தெரியாமல் கப்பலில் ஏறி ஒளிந்துகொள்கிறாள். பிடிபட்டதும் கேப்டன் சொல்கிறார்: "இந்தக் கப்பலில் சமையல்காரரே கிடையாது." மாலுமிகளும் அதையே சொல்கிறார்கள். ஆனால் தினமும் ராத்திரி கீழ்த்தளத்திலிருந்து கயிறு கட்டிய பெட்டியில் சுடச்சுட சூப் மேலே வருகிறது. அப்பா வைக்கிற அதே ருசி. கீழே போகும் கதவோ எப்போதும் பூட்டியிருக்கிறது. அப்படியானால் சமைப்பது யார்?

இந்தக் கேள்வி பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்தது. முதலில் ஆறாம் வகுப்பு மட்டும் கேட்டது. பிறகு மற்ற வகுப்புகளும் சாப்பாட்டுத் தட்டோடு மாடி ஏறின. பேய் என்று ஒரு கட்சி, அப்பாவைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. கணக்கு வாத்தியார் தற்செயலாக வந்தவர்போல் தினமும் ஜன்னலோரம் வந்து நிற்பார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. மகளின் கையில் சாவி கிடைத்துவிட்டது. அறையில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. நூலகரே புத்தகத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"'சாவி திரும்பியது. கதவு மெல்லத் திறந்தது. அடுப்பு வெளிச்சத்தில் அவள் கண்டது...'" பக்கத்தைத் திருப்பினாள். அதே வேகத்தில் வாசித்தாள். "'...நன்றாக மக்கிய எரு இரண்டு கூடை. தக்காளிச் செடிக்கு மாதம் ஒருமுறை...'"

நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அடுத்த பக்கம் கத்தரிக்காய். அதற்கடுத்தது பூச்சி மருந்து. கடைசி அட்டைவரைக்கும் வீட்டுத் தோட்டம்தான். அச்சகத்தில் யாரோ இரண்டு புத்தகங்களைக் கலந்து தைத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். கூரை பிய்ந்தது.

"எருவா?"

"சூப்புல எருவா போட்டாங்க?"

"மிஸ், நீங்க பக்கத்தை மாத்திட்டீங்க!"

"நான் ஒட்டின பட்டை அப்படியே இருந்துச்சுடா, மிஸ்ஸைச் சொல்லாதே!" என்று ரேடியோ எல்லாருக்கும் மேலே கத்தினாள். கணக்கு வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு ஜன்னலோரமே உட்கார்ந்துவிட்டார்.

மணி அடித்தும் யாரும் அசையவில்லை. "எப்படியாவது முடிவைக் கொண்டுவரேன், போங்க" என்று அவள் வாக்குக் கொடுத்த பிறகுதான் அறை காலியானது.

வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, வழி தெரியவில்லை. பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். "அந்த லாட் முழுக்க அப்படித்தான் மேடம், திருப்பி அச்சடிக்க ஒரு மாசம் ஆகும்" என்றார்கள். சாயங்காலம் கடைவீதிக்கு ஓடினாள். புத்தகக் கடையில் ஒரு பிரதி இருந்தது. படபடவென்று கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் அதிலும் தக்காளிச் செடி செழிப்பாக வளர்ந்திருந்தது.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"பச்சை அட்டையா? கப்பல் படம் போட்டது?"

"ஆமா. எங்க பார்த்தீங்க?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா வீட்ல."

அவள் கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தாள்.

அக்கா என்றால் அவளுக்கு நாத்தனார். ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு பள்ளிக்கூடத்தில் அவளும் நூலகர். இரண்டு பேருக்கும் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. எல்லாம் சில மாதங்களுக்கு முன்புவரை. குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் திமிங்கலப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது படிக்க வணங்காத பிள்ளைங்களுக்குன்னே பண்ணினது" என்றாள். இவளுக்குச் சுருக்கென்றது. "உங்க லைப்ரரில புக்கெல்லாம் பூட்டின கண்ணாடிக்குள்ளதானே இருக்கு. அங்க யாரு படிச்சா, யாரு படிக்கலைன்னு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு நலம் விசாரிப்பதுகூடக் கணவன் வழியாகத்தான்.

"நான் வேணா வாங்கிட்டு வரட்டுமா?" என்றான் அவன்.

"வேண்டாம்" என்றாள். சமையலறைக்குப் போனாள், வந்தாள். பாத்திரத்தை டொங்கென்று வைத்தாள். ரேடியோவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ரோஷமா, சூப்பா? போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணி, நான்தான்."

எதிர்ப்பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது. "சொல்லு."

"உங்ககிட்ட இருக்கற உப்புக் கப்பல்ல... கதவைத் திறந்ததும் என்ன வருது?"

"ஏன், உன்கிட்ட புக்கு இல்லையா?"

"இருக்கு. ஆனா கதவைத் திறந்தா எரு இருக்கு."

விஷயத்தைச் சொல்லச் சொல்ல மறுமுனையில் ஏதோ விக்கல் மாதிரி கேட்டது. பிறகுதான் புரிந்தது, நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அடக்க முடியாமல் வெடித்தும் விட்டாள். "ரெண்டு கூடையா? ஐயோ, ரெண்டு கூடையா!" இவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் கணவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"என்னோடது முதல்ல அடிச்ச பிரதி. ஒழுங்கா இருக்கு" என்றாள் நாத்தனார், மூச்சு வாங்கியபடி. "ஒரே மூச்சுல முடிச்சேன். முடிச்சுட்டு யார்கிட்டயாவது பேசணும்னு துடிச்சேன். யார்கிட்டப் பேசறது? நீதான் பேசறதில்லையே."

"நானா பேசறதில்லை? சரி, அதை விடுங்க. முடிவை மட்டும் சொல்லிடுங்க, நாளைக்கு நான் சமாளிச்சுக்கறேன்."

"சொல்லமாட்டேன். உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீ மாடிப்படி ஏறும்போதே பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க. நாளைக்கு நான் லீவு. நானே வந்து வாசிக்கறேன்."

"லீவு எதுக்கு?"

"பல் டாக்டர்கிட்டப் போகணும். அவர் எங்கயும் ஓடிடமாட்டார்."

தலைமையாசிரியையிடம் காலையில் அனுமதி கேட்டபோது, எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. "சமைக்கறது யாருன்னு எனக்கும் சொல்லி அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

மதியம் மாடி அறையில் கால் வைக்க இடமில்லை. அலமாரிகளுக்கு இடையில், மேஜைக்கு அடியில், வாசற்படியில் எல்லாம் தலைகள். நாத்தனார் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தாள்.

"நீங்க யாரு?" என்றாள் ரேடியோ.

"உங்க மிஸ்ஸோட சண்டைக்காரி."

பிள்ளைகள் மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ்ஸின் முகம் வழக்கம்போல எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: சண்டைக்காரிதான், ஆனால் வேண்டியவள்.

ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அது அவள் நாற்காலி. அதை நாத்தனாருக்கு விட்டுக்கொடுத்தபோது மனசு ஓரத்தில் லேசாக ஒரு இழுப்பு இருந்தது. ரேடியோ நகர்ந்து உட்கார்ந்து பாயில் இடம் கொடுத்தாள். நூலகர் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக வாசிக்கிறாள், இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தால் அறையே வேறு மாதிரி இருந்தது. நாற்காலியில் இருப்பவளின் வாயைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

நாத்தனாருக்குக் கல் மாதிரி முகம். பிள்ளைகள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆழமாக வந்தது.

"'சாவி திரும்பியது. கதவு மெல்லத் திறந்தது. அடுப்பு வெளிச்சத்தில் அவள் கண்டது...'" பக்கத்தைத் திருப்பினாள். வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்தாள். "'...இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கேப்டனை.'"

"கேப்டனா!" என்று முதலில் கத்தியது நூலகர்தான். சுற்றிலும் அத்தனை பேரும் கூடவே கத்தினார்கள். ரேடியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கணக்கு வாத்தியார், "சத்தம் போடாதீங்க, மேல வாசிக்கட்டும்!" என்று எல்லாரையும்விடச் சத்தமாக அதட்டினார்.

மேலே வாசித்தாள். அப்பாவுக்கு நடுவழியில் கடும் காய்ச்சல். வைத்தியம் பார்க்க ஒரு தீவில் இறக்கிவிட வேண்டியதாகிவிட்டது. சமையல்காரர் வேலை காலியாக இருக்கிறது என்று துறைமுகத்தில் தெரிந்தால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் கப்பல் முழுக்க ஒரே பேச்சு, இந்தக் கப்பலுக்குச் சமையல்காரரே கிடையாது என்று. அவர் சொல்லிக்கொடுத்தபடி ஆளுக்கு ஒரு ராத்திரி கீழே இறங்கிச் சூப் வைத்துக்கொண்டிருந்தார்கள், அவர் வரும்வரை அவர் இடம் காலியாகவே இருக்கட்டும் என்று. மகளிடம் சொன்னால் பயந்துவிடுவாளோ என்று கேப்டனுக்குப் பயம்.

அதைக் கேட்டதும் நூலகரின் மூக்கு சிவந்தது. இந்தமுறை பிள்ளைகளோடு சேர்ந்து சரியான நேரத்தில் சிவந்தது. யாரும் கவனிக்கவில்லை. அவரவர் மூக்கைத் துடைக்கவே அவரவருக்கு நேரம் போதவில்லை.

கப்பல் திரும்பியது. தீவு வந்தது. மெலிந்துபோன அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். மாலுமிகள் நடுக்கத்தோடு ஒரு கிண்ணம் சூப்பை நீட்டினார்கள். ஒரு வாய் குடித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"'உப்பு கம்மி, என்றார் அப்பா.'" நாத்தனார் புத்தகத்தை மூடினாள்.

அறை இடிந்து விழுந்தது. உப்புக் கப்பலில் உப்பு கம்மியா! சின்னப் பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்து திரும்ப வாசிக்கச் சொல்லி ஒரு கூட்டம் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டது. கணக்கு வாத்தியார்தான் ஒருவழியாக எல்லாரையும் வகுப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது நின்று, "கேப்டன் நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். நாத்தனார் வாசல் அலமாரிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலாம் வகுப்புக் குழந்தை ஒன்று மட்டும் வாத்தியார் கண்ணில் படாமல் மூலையில் திமிங்கலப் புத்தகத்தை மடியில் விரித்து, ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அதன் பக்கத்தில் குந்தினாள்.

"அதுல என்னடா அவ்வளவு நேரமாப் பார்க்கறே?"

"அது அழுதுட்டு இருக்கு. ஆனா தண்ணிக்குள்ள இருக்கறதால யாருக்கும் தெரியலை" என்றது குழந்தை.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது. எழுந்தபோது, "இதை நான் சரியாப் பார்க்கலை" என்றாள். மன்னிப்பு என்று அவள் வாயில் வந்தது அவ்வளவுதான். நூலகருக்கு அதுவே ஏகப்பட்டதாக இருந்தது.

"எங்க லைப்ரரில கண்ணாடிக் கதவைக் கழட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். உன்னால இல்ல. சாவி தொலைஞ்சு போச்சு" என்றாள் நாத்தனார்.

"நம்பறேன் அண்ணி."

பள்ளி விட்டதும் நாத்தனாரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிடப் போனாள். அந்தக் கதையில் கெட்டிக்காரர் யார் என்று பேச்சு வந்தது. மகள்தான் என்றாள் இவள். கேப்டன் இல்லாவிட்டால் கதையே இல்லை என்றாள் அவள். பேருந்து ஒன்று வந்து நின்று, போனது. இன்னொன்றும் போனது. கைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கணவன்தான், சமாதானமாகிவிட்டார்களா என்று கேட்கத்தான் இருக்கும். எடுக்க நேரமில்லை.

"நீங்க கேப்டன் கட்சின்னு எனக்கு அப்பவே தெரியும்!" என்று இவள் குரலை உயர்த்தினாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.