வளர்ந்தவர்களுக்கான கோட்டு

மருத்துவமனையிலிருந்து வந்த பெண் வெள்ளைக் கோட்டை எடுத்து உட்புறமாகத் திருப்பியதும் அதைத் தைத்துக் கொடுத்த தையல்கடைக்காரி சின்னவள் ஓரடி முன்னால் வந்து நின்றாள். கோட்டின் வெளிப்புறத்தைப் பார்த்தவரை அந்தப் பெண்ணின் முகத்தில் திருப்தி இருந்தது. காலர் நின்ற அழகையும் பொத்தான் வரிசையையும் பாராட்டவும் செய்தாள். உள்ளே தையலோரம் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடப்பதைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்தாள். இன்னொரு கோட்டைத் திருப்பினாள், அதிலும் அப்படியே.

"எதுக்கும்மா இவ்வளவு துணி உள்ள விட்டிருக்கீங்க? நாங்க குடுத்த மாதிரில இப்படி இல்லையே. போட்டா பக்கமெல்லாம் தடிச்சு நிக்கும்."

சின்னவள் அந்த மடிப்பை விரலால் நீவிப் பார்த்தாள். என்னவென்று சொல்வது? இந்த ஊரில் துணி என்றால் அப்படித்தான் தைப்பார்கள். பிள்ளை வளரும், பெரியவர்கள் பெருப்பார்கள், அண்ணன் சட்டை தம்பிக்கு வரும், பிரித்துவிட உள்ளே துணி வேண்டாமா? வெட்டும்போது சாக்பீஸால் போட்ட கோட்டைத் தாண்டிக் கத்தரி தானாகத் தள்ளிப் போய்விடும். தொட்டில் பழக்கம். நானூறு கோட்டிலும் அந்தப் பழக்கம் மடிந்து உட்கார்ந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் வண்டி வரும். அதுக்குள்ள சரி பண்ணிட்டா எடுத்துக்கறேன். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றாள் வந்தவள். குரலில் கடுமை இல்லை. அதுதான் சின்னவளுக்கு இன்னும் வலித்தது. அன்று வெள்ளிக்கிழமை.

நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தப் பெரிய மருத்துவமனை எழும்பிய நாளிலிருந்து ஊரின் நடையே மாறியிருந்தது. பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள், மருந்துக்கடை மூன்றானது. அங்குள்ள டாக்டர்களுக்குக் கோட்டு தைக்கும் வேலையை நாலு முறை நடந்து கெஞ்சி வாங்கியவள் சின்னவள். அவளை நம்பிப் பத்துப் பெண்கள் நகரத்து ஆடைக் கம்பெனியை விட்டு வந்திருந்தார்கள். இது போனால் மறுபடி விடிகாலை ஆறு மணி பஸ்தான். சின்னவளும் வருடக்கணக்கில் அந்தப் பஸ்ஸில் போனவள். தன் பிள்ளைகளைத் தூங்கும் முகமாக மட்டுமே பார்த்தவள். அந்தப் பஸ்ஸின் ஹாரன் இன்றும் அவளுக்கு ஆகாது.

தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. ஓரத்தை நறுக்கிக்கொண்டே நூல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் மறுபடி ஓட்டினால் போதும். ஆனால் இருப்பது ஒரே ஓவர்லாக், நானூறு கோட்டுக்கு அது காணாது. ஊரில் இன்னொன்று எதிர்க்கடையில் இருந்தது. எதிர்க்கடை பெரியவளுடையது. பெரியவள் என்றால் வேறு யாருமில்லை, சின்னவளின் ஓரகத்திதான். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இருவரும் ஒரே கடையில் ஒன்றாகத் தைத்தவர்கள். யார் பெயரைப் போர்டில் முதலில் போடுவது என்பதில் முட்டிக்கொண்டு, நடுவில் ஒரு தெருவை வைத்துக்கொண்டு எலியும் பூனையுமாக இருந்தார்கள். எதிர்க்கடையில் இப்போது கூட்டம் இல்லை. பெரியவள் கடையை மூடிவிட்டு நகரத்துக் கம்பெனிக்கே போகிறாள், திங்கட்கிழமை கிளம்புகிறாள் என்று ஊரே பேசியது.

சின்னவள் தெருவைக் கடந்தாள். அவ்வளவு அகலமான தெருவை அவள் பார்த்ததே இல்லை.

"அக்கா."

பெரியவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கடை மூடியாச்சு."

"தைக்கக் குடுக்க வரலக்கா. மாட்டிக்கிட்டேன். அதான் வந்தேன்."

கோட்டை நீட்டினாள். பெரியவள் அதை வாங்கி உட்புறம் திருப்பினாள். சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"டாக்டருங்க இனிமே எங்கடி வளரப் போறாங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தச் சிரிப்பு இல்லாமல் எப்படித்தான் இத்தனை நாள் இருந்தோமோ என்று தோன்றியது.

"வர்றேன்" என்றாள் பெரியவள். "ஆனா கூலிக்கு வரமாட்டேன். பாதிக்குப் பாதின்னா சொல்லு."

சின்னவளின் சிரிப்பு நின்றது. நாலு முறை நடந்த கால் அவளுடையது. பெற்ற பிள்ளையைப் பங்கு போடச் சொன்னது போலிருந்தது. திரும்பித் தன் கடையைப் பார்த்தாள். வாசலில் பத்துப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரிக்கா. பாதிக்குப் பாதி. போர்டுலயும் நீயே முதல்ல இருந்துக்கோ."

"அது கெடக்குது விடு. முதல்ல மிஷினத் தூக்கு."

காய்கறி வண்டியில் ஏறி ஓவர்லாக் ஊர்வலம் வந்தது. மூன்று நாள் அந்தக் கடை கல்யாண வீடு போல இரைந்தது. ஒருத்தி ஓட்ட, ஒருத்தி நூல் நறுக்க, வெள்ளைக் கீற்றுகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன. வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத பெரியவளின் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கு நின்றார். திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ் ஹாரன் அடித்தபோது சின்னவள் ஓரக்கண்ணால் ஓரகத்தியைப் பார்த்தாள். பெரியவள் பல்லில் நூலைக் கடித்தபடி அடுத்த கோட்டுக்குக் கை நீட்டினாள்.

செவ்வாய் மத்தியானம் வந்த பெண் முதல் வேலையாகக் கோட்டை உட்புறம் திருப்பினாள். விரலால் தையலோரத்தைத் தடவினாள். இன்னொன்று, மற்றொன்று, அடியில் இருந்த ஒன்று.

"ஏத்தச் சொல்லுங்க" என்றாள். பிறகு, "நர்ஸுங்க உடுப்பும் எங்களுக்கு வேணும். மாசாமாசம் தைச்சுத் தர முடியுமா?"

"முடியும்" என்று ஓரகத்திகள் இருவரும் ஒரே குரலில் கத்தியதில் வண்டி டிரைவர் திரும்பிப் பார்த்தார். அன்று அந்தத் தெருவில் சின்னவளைவிடப் பெரிய மகாராணி யாரும் இல்லை.

மறுநாள் விடிகாலை அவள் கடைவாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பஸ் வந்து நின்று, ஈரத்தலையோடு ஓடிவரும் பெண்களுக்காக வழக்கம்போல நீளமாக ஹாரன் அடித்தது. நர்ஸ் உடுப்பு வேலைக்கு மீதிப் பெண்களும் நேற்றே இங்கே வந்து சேர்ந்துவிட்டதால் யாரும் ஓடிவரவில்லை. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"என்னம்மா, ஊரே தூங்குதா?"

"ஊரு வேலைக்கு வந்தாச்சுப்பா!" என்று உள்ளேயிருந்து பெரியவள் குரல் கொடுத்தாள்.

பஸ் கிளம்பவில்லை. பின்வாசல் வழியாக, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு மூன்று பெண்கள் இறங்கினார்கள். பஸ் வரும் வழியில் இருக்கும் முந்தின ஊர்க்காரிகள். அதில் இளையவள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, இங்க கோட்டு தைக்கிற கடை எது?"

சின்னவள் நிமிர்ந்தாள். துடைப்பத்தாலேயே கடையைக் காட்டினாள். உள்ளே இருந்த ஸ்டூல்கள் போதவில்லை. பெரியவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தெருவைக் கடந்து தன் கடைக்குள் போனவள், நகரத்துக்குப் போகக் கட்டிவைத்த அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மிஷினுக்கு முன்னால் அதைப் படுக்கவைத்து, மேலே வெட்டிப்போட்ட வெள்ளைக் கீற்றுகளை இரண்டு கை அள்ளிப் பரப்பி, உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"உக்காரும்மா."