பக்கத்தில் பக்கத்தில்

ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. சைஃப் டிரம்மை நிரப்பினான். டீ போட்டான். இரண்டு பாவ் ரொட்டி தின்றான். மாமியாரின் போன் அடித்தது, எடுக்கவில்லை. தாராவியிலிருந்து செம்பூருக்கு பஸ் பிடித்து, ஒன்பதரைக்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

திரையில் கோடு நேற்றுப் போலவே இருந்தது.

மால்வன் கடலில் எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பவளப் பாறை. அதில் கட்டிய விரல் நீளக் கருவி மணிக்கு ஒரு தடவை தண்ணீரின் வெப்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஏழு வருஷமாக. முங்கி அதைப் பொருத்தியதும் அவ்வப்போது மாற்றியதும் அவன் மனைவி சஃபீனா. கரையில் உட்கார்ந்து கோடு வரைந்தது இவன். நவம்பரில் டெங்கு வந்து அவள் போய்விட்டாள். டிசம்பரில் அவளுக்குப் பதிலாகக் கூட வேலை பார்க்கும் ஆதர்ஷ் முங்கிப் புதுக் கருவியை வைத்தான். அன்றைக்கே கோடு அரை டிகிரி மேலே தாவியது. இறங்கவேயில்லை.

திட்டத் தலைவர் அனந்தநாராயணன் பின்னால் வந்து நின்றார்.

"சமுத்திரம் சுட்டுடுத்தா, மெஷின் பொய் சொல்றதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுப்பா."

"தெரியல சார்."

"பத்து நாளா இதையேதான் சொல்றே. பழசையும் புதுசையும் ஒரே தண்ணில போட்டுப் பாரேன்."

"பழசு உடைஞ்சுடுத்து சார்," என்றான் ஆதர்ஷ். "பாறையோட ஒட்டிண்டு கிடந்தது. உளி வெச்சுப் பேத்தேன், மண்டை பொளந்துடுத்து. உள்ளே இருந்த டேட்டா வந்துடுத்தே!"

சைஃப் திரும்பினான். "புதுசு வச்ச அன்னைக்கே பழச ஏன்டா புடுங்குன?"

"அரே தோஸ்த், அதுக்குன்னு அடுத்த மாசம் இன்னொரு தடவை போட் எடுத்துண்டு போவாளா யாராவது?"

"அவ போவா."

"எனக்கு எப்படித் தெரியும்? எழுதி வெச்சாளா? நீ சொன்னியா?"

சைஃப் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அனந்தநாராயணன் பெருமூச்சு விட்டார். "ஏழு வருஷத்தைத் தனியா எடுத்து வெச்சுடு. இதோட ஒட்டாது. இனிமே ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்போம்."

மத்தியானம் மாமியார் மறுபடி கூப்பிட்டாள்.

"மாப்ள, வெள்ளிக்கெழம பாத்திஹா ஓதச் சொல்லிருக்கேன். புள்ள கடைசியில கலிமா சொல்லித்தானே போனா?"

"சொன்னா மாமி."

ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பொய்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் இவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒன்று சொன்னாள். "சரி சரி, பேசாம படு," என்றான். அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை. ஜனாஸா அடக்கம் முடிந்து ஆதர்ஷ் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுகூட அது நினைவுக்கு வரவில்லை. கோடு தாவிய அன்றுதான் வந்தது.

"ஆதர்ஷ்ட்ட சொல்லிருங்க. புதுசு வச்சதும் பழச எடுத்துரக் கூடாது. ரெண்டும் ஒரு மாசம் பக்கத்துல பக்கத்துல கெடக்கட்டும்."