கூரைமேல் புதுப் பெயர்

அந்தத் தெற்குச் சீமையில் விமானிகளுக்குக் கடற்கரைதான் வழி. கரை மூடுபனியில் மறைந்துவிட்டால் தாழ இறங்கி, ஏதாவதோர் ஊரின் கூரையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துக்கொள்வார்கள். அகுவா மான்சாவில் அது கம்பளிக் கிடங்கின் தகரக் கூரை.

ஆளுநரைக் குளிர்விக்க, நகரத் தலைவர் தோன் பால்தசார் ஊருக்கே அவர் பெயரை வைத்தார். அகுவா மான்சா, லாரன்யாகா ஆனது. கூரையில் புது எழுத்துகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவள் பள்ளி ஆசிரியை எதுவிகிஸ். போடும்போதே உறுத்தியது. அவள் தம்பி நசரேனோ தபால் விமானத்தை ஓட்டிக்கொண்டு முதல் தடவையாக இந்த வழியில் வரப்போகிறான். அவன் வரைபடத்தில் பழைய பெயர்தான் இருக்கும். விமானக் கம்பெனிக்குத் தந்தி கொடுத்தாயிற்றா என்று தலைவரிடம் கேட்டாள்.

"முதல்ல விழா முடியட்டும் டீச்சரம்மா. உங்க தம்பிக்கு அக்கா வீட்டு வாசல் தெரியாமயா போயிடும்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. தானே ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். அவர் காதுக்குப் போய்விடுமே என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

விழாவன்று ஆட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து விமானம் இறங்கியது. கிடங்கை இரண்டு முறை சுற்றியது.

"வாழ்த்துச் சொல்றான் பாருங்க" என்றார் தலைவர். கூட்டம் கைக்குட்டைகளை வீசியது.

எதுவிகிஸுக்குத்தான் புரிந்தது. படிக்கிறான். வரைபடத்தில் தேடுகிறான். காணவில்லை. இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு விமானம் இறங்கும் திடலுக்கு ஓடினாள். மேலிருந்து பார்ப்பவனுக்கு அதுவும் ஒரு வாழ்த்துதான். விமானம் அகுவா மான்சாவைத் தேடித் தெற்கே திரும்பியது.

பெட்ரோல் தீர்ந்து அது விழுந்து கிடந்த இடத்தை ஆடு மேய்ப்பவர்கள் கண்டார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, தோன் பால்தசார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். விமானம் இறங்கும் திடலுக்கு நசரேனோவின் பெயரை வைக்க நகர மன்றம் முடிவு செய்திருப்பதாகச் சொன்னார்.

"பலகையை உங்க கையாலயே எழுதினீங்கன்னா நல்லாருக்கும்."

அவர் முகத்தில் வீசுவதற்கென்று அவள் இத்தனை நாள் மனசுக்குள் சொற்களைத் தீட்டி வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"எழுத்து எவ்வளவு பெரிசா இருக்கணும்?"

"மேலேருந்து தெரியணும்ல" என்றார் அவர்.