பாண் வரிசையில் முப்பத்தேழு கல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையல்ல. 'கல்' என்ற சொல்லைப் பற்றிய கட்டுரை. எங்கள் வாவிக்கரை மணலில் பாறையைக் காண்பது அரிது. அதனால் இங்கே கல்லென்றால் செங்கல்தான். கல்வீடு என்றால் வசதி. கல் வைத்தாயிற்று என்றால் வீட்டுவேலை தொடங்கிவிட்டது. கிழவர் ஒருவரை 'ஆள் கல்லுப்போல' என்றால் இப்போதைக்குச் சாகமாட்டார். இப்படிப் பதினொரு பொருள் சேர்த்து, என்னோடு படிப்பித்த செசீலியா ரீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொட்டாவி விட்டார்.

"நான் ஒருக்கா கல்லா நிண்டனான். அத எழுதல்லயா?"

கட்டுரையைக் கிழித்தேன். (கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'கிழக்கு வெளுத்தது. வாவியில் ஒரு தோணி—' வேண்டாம். தோணிக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாவது: 'கோதுமை மாவுக்கு ஏற்பட்ட கடுந் தட்டுப்பாட்டினால் பொதுமக்கள் அடைந்த—' இதுவும் வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்துநான்காம் ஆண்டு. கூட்டுறவுச் சங்கக்கடைக்குக் காலையில் முப்பது றாத்தல் பாண்தான் (கோதுமை ரொட்டி) வரும். அதற்கு முதல்நாள் பின்னேரமே வரிசை. இரவு முழுக்க நிற்க யாரால் முடியும்? ஆளுக்கொரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கல் நின்றால் ஆள் நின்றமாதிரி. செசீலியா ரீச்சர் தன் கல்லில் கரியால் 'செ' எழுதினார். ஆசியா உம்மா சுண்ணாம்பு தடவினார். கோயில் மணி அடித்துப் பூசை ஒழுங்கு பார்க்கும் மூப்பர் இராயப்பு, ஆணியால் சிலுவை கீறினார். 'மூப்பர் முன்னுக்கு நிற்கிறார்' என்றால், மூப்பர் வீட்டில் படுத்திருக்கிறார் என்று பொருள்.

3

மூப்பரை முதலில் பொல்லாதவராக எழுதியிருந்தேன். ரீச்சர் வாசித்துவிட்டுத் திருத்தினார்.

"பொல்லாதவரில்ல. எல்லாத்திலயும் ஒழுங்கு பார்க்கிறவர். பூசையில இருமினாலும் திரும்பிப் பார்ப்பார்."

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காலை எல்லோரும் வந்து பார்த்தால், வரிசையைக் காணவில்லை. முப்பத்தேழு கல்லும் போய், வெறும் மணல்.

"நான்தான் முதலாவது" என்றார் ஆசியா உம்மா.

"உம்மா, நீங்க மூணாவது. நான் முதலாவது" என்றார் மூப்பர்.

பத்து நிமிடத்தில் ஒன்பது பேர் முதலாவதாக இருந்தார்கள். சங்கக்கடை மனேஜர் கதவைச் சாத்தினார்: "முதல்ல வரிசையக் கொண்டுவாங்க."

மணலில் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியின் தடம் கிடந்தது. முப்பத்தேழு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். (ஒருவரைக் கடையடியில் காவலுக்கு விடுவோமென்று யாரோ சொன்னார்கள். விட்டால் அவர் முதலாவதாகிவிடுவார்.)

4

தடம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வளவுக்குள் போனது. கையில் சேறோடு நின்றவர் இளையதம்பி. கிரான் கிராமத்திலிருந்து மனைவி புஸ்பத்தின் பிள்ளைப்பேற்றுக்காக வந்து அங்கே குடியிருக்கிறார். வந்து இரண்டு நாள். அவருக்குப் பின்னால் புத்தம்புதிய கக்கூஸ். மேலே கிடுகு, கீழே முழங்காலளவுக்குச் செங்கல். (கக்கூஸ் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். கல் நம்முடையது.)

"நீதானா கள்ளன்?" என்றார் மூப்பர்.

"கள்ளனா? லொறியில இருந்து ஒண்டொண்டா விழுந்து கிடக்கெண்டு நினைச்சன், ஐயா. அவவுக்கு ரெண்டு காலும் வீக்கம். பத்தைக்க போய்க் குந்த ஏலா. நேத்து விழப் பார்த்தா."

"அவ்வளவு நேரா விழுமா?" என்று கேட்டார் செசீலியா ரீச்சர்.

"நல்ல லொறியாக்கும் எண்டு நினைச்சன், ரீச்சர்."

சிரிக்க வந்தவர்கள் அடக்கிக்கொண்டார்கள். மூப்பர் தன் கல்லைக் கண்டுவிட்டார். கதவோரம், அடிவரிசையில், சிலுவை தலைகீழாக.

"எதக் கொண்டுவந்து எங்க வச்சிரிக்காய்!"

குனிந்து இழுத்தார். சேறு காயவில்லை, சுவர் ஆடியது. இளையதம்பி பாய்ந்து இரு கையாலும் சுவரை அணைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஆரெண்டாலும் கொஞ்சம் நில்லுங்க. நான் உள்ளுக்கு இரிக்கன்."

மூப்பர் சுட்டதுபோலக் கையை எடுத்தார். எல்லோரும் பின்வாங்கினார்கள். போகவும் முடியாது, பார்க்கவும் முடியாது. அப்போது யாரும் சொல்லாமலே கால்கள் தாமாக இடம் தேடின. முதலில் மூப்பர். மூன்றாவதாக ஆசியா உம்மா. பதினான்காவதாக ரீச்சர். கல் வைத்த ஒழுங்கில் முப்பத்தேழு பேர், ஒரு கக்கூசுக்கு முன்னால்.

5

நண்பர் ஒருவர், புஸ்பம் அங்கேயே பிள்ளை பெறட்டும் என்றார். ஒரு கதைக்காக அந்தப் பெண்ணை அப்படி வருத்த மாட்டேன். அவர் நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில், கட்டிலில்தான் பெற்றார், பெண்பிள்ளை. அன்று அந்த வரிசை கலையாமல் கடைக்கு நடந்துபோய், பாண் முடியும்வரை வாங்கியது. முப்பத்தாறு பேர் கல்லைத் திருப்பிக் கேட்கவில்லை. இவ்வளவும் ரீச்சர் சொன்னவை.

மூப்பர் கல்லை எடுத்தாரா என்று கேட்டால், 'அத மறந்திடுங்க' என்கிறார் ரீச்சர். 'அவர் மனமிரங்கி, கண்கலங்கி—' என்று எழுதிப் பார்த்தேன், மூப்பர் அப்படிப்பட்டவரில்லை. 'கல்லைப் பிடுங்கிக்கொண்டு—' இதையும் வெட்டிவிட்டேன்.

என்னிடம் இருப்பது இது மட்டும்: கதவு திறந்தது. புஸ்பம் ஒரு கையை வயிற்றிலும் மறுகையைச் சுவரிலும் வைத்து மெதுவாக வெளியே வந்தார். தன்னைப் பார்த்தபடி நீண்டு நிற்கும் வரிசையைக் கண்டு திகைத்தார். பிறகு முதல் ஆளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"எல்லாருக்கும் அவசரமாக்கும். போங்க ஐயா, தண்ணி உள்ளுக்கு இரிக்கு."

மூப்பர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுதவேண்டும். சுருக்கமாக எழுதுங்கள், அவருக்குப் பின்னால் முப்பத்தாறு பேர் நிற்கிறார்கள்.