எல்லாருக்கும் நடை குறைகிற இடம்

நீதி என்பது கடைசியில் ஒரு கூட்டல் கணக்குதான். அதிகம் பேருக்கு அதிக நன்மை எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் அறம் குடியிருக்கிறது. பேராசிரியர் ஆவுடையப்பன் எழுந்து நின்று இதைச் சொன்னபோது, கிராமசபை தெருக்குழாயை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்று, குன்றாண்டார்கோவில் பக்கத்துச் சொந்த ஊரில் வீடு கட்டித் தனியாக இருப்பவர். மனைவி இறந்துவிட்டாள். மகள் இலக்கியா துபாயில் இருக்கிறாள். ஊர் அவரிடம் யோசனை கேட்டது அதுவே முதல்முறை. வீடுகளுக்கு எண் போட்டு, அடி அளந்து, எல்லார் நடையையும் கூட்டினால் எங்கே குறைவு என்று தாளில் கண்டுபிடித்தார். தெருக்கோடிச் செவந்திக்கு முழங்கால் வலியாயிற்றே, அவள் பக்கம் வைக்கலாமே என்று யாரோ கேட்டார்கள்.

“ஒருத்தர் காலுக்காகத் தெருவையே நடக்க விடுறதா?” என்றார் பேராசிரியர்.

ஊராட்சித் தலைவர் அழகுமலை, தாளில் இருந்த இடத்தில் கடப்பாரையை இறக்கினார். அது தன் வீட்டு வாசலுக்கு நேர் எதிர் என்பது பேராசிரியருக்கு அப்போதுதான் தெரிந்தது.

விடியுமுன்பே குடங்கள் வரிசை கட்டின. ஆள் இல்லாவிட்டாலும் குடம் நின்றால் இடம் போகாது. அதுதான் அங்கே சட்டம். தண்ணீர் வந்ததும் பெண்கள் வந்து சம்பந்திச் சண்டையில் தொடங்கி, சீரியலில் மாமியாரிடம் மாட்டிக்கொண்ட மருமகள் வரை பேசினார்கள். அவர்களில் பரிமளா, பேராசிரியரைப் போலவே இருமிக் காட்டினாள். எத்தனை பேர் சேர்ந்தாலும் ஒருவனுடைய நிம்மதியைப் பறிக்க முடியாது, அது உரிமை என்று அந்த வாரமே அவருக்கு விளங்கிவிட்டது. ஐகோர்ட்டுக்குப் போவேன் என்றார்.

“சார், நீங்கதான கூட்டிப் பாத்து இங்கிட்டு வைக்கச் சொன்னீங்க?” என்றார் அழகுமலை.

“அது கணக்கு. இது உரிமை.”

“ரெண்டுக்கும் நீங்களே வாத்தியாரா இருந்தா நாங்க என்னங்க செய்யிறது?”

குழாய் செவந்தி வீட்டுப் பக்கம் போனது. மறுநாள் காலை அமைதியாக இருந்தது. அதற்கடுத்த காலையும். தெருவில் இப்போது அவரைப் போல இருமுவதற்கு அவர் மட்டுமே இருந்தார். இலக்கியா போனில் கேட்டபோது, “நிம்மதியா இருக்கேன்மா” என்றார். பிறகு யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. சீரியலில் அந்த மருமகள் வீட்டை விட்டுப் போனாளா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை.

ஒரு காலை புதுப் பச்சைக் குடத்தோடு தெருக்கோடிக்குப் போய், வரிசையில் கடைசியாக வைத்தார். பேச்சு நின்றது.

“என்ன சார் இம்புட்டு தூரம்? ஒங்க வீட்டுலதான் போரு இருக்கே?” என்றாள் செவந்தி.

“மோட்டார் ரிப்பேரும்மா.”

“அப்ப கொடத்த விட்டுட்டுப் போயி ஒக்காருங்க சார். தண்ணி வந்ததும் கூப்புடுறோம்” என்றாள் பரிமளா.

“பரவாயில்ல, நிக்கிறேன்.” குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். “அந்த மருமக என்னம்மா ஆனா?”

எல்லாரும் அவரைத் தாண்டித் தெருவின் நடுவைப் பார்த்தார்கள். அவர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. காலையில் போட்ட மோட்டாரை அவர் நிறுத்தவில்லை.