நாலாவது வரிசையில் வெர்னா

சனிக்கிழமை காலை போன் அடித்தபோது ஆர்டிஸ் குச்சேராவின் இரண்டு கையிலும் மாவு. கொலாச்சி ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

மிஸஸ் குச்சேராதானே என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றாள் ஆர்டிஸ். அந்தப் பெண் புளூ ஹெரன் ஏர்வேஸிலிருந்து பேசினாள். திங்கட்கிழமை டென்வருக்கு வேறு விமானம் போகிறதாம், அதனால் தங்க அட்டைக்காரரோடு வருகிறவரின் இலவச டிக்கெட்டைப் புதிதாகப் போட வேண்டியிருந்ததாம். கவலைப்பட ஒன்றுமில்லை, எப்போதும்போலக் கணவருக்குப் பக்கத்து இருக்கைதான் என்றாள்.

"உங்க டிக்கெட்ட கவுன்டர்லயே வச்சிருக்கோம் வெர்னா. பேரைச் சொல்லி வாங்கிக்குங்க."

ஆர்டிஸ் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தாள். பழக்கதோஷத்தில் திரும்பிப் போய் மாவைப் பிசைந்தாள். அவள் பெயர் வெர்னா இல்லை. விமானத்தில் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

அவள் கணவன் மிலோ வயல்களுக்கான தெளிப்புப் பாசன இயந்திரங்களின் உதிரி பாகங்களை விற்றான். திங்கட்கிழமை ஒமாஹாவிலிருந்து டென்வருக்குப் பறப்பான், வியாழக்கிழமை திரும்புவான். விமானக் கம்பெனிகள் பறக்கிற மைலுக்கெல்லாம் கணக்கு வைத்துப் பரிசு கொடுக்கத் தொடங்கியிருந்த புதிது. வால் பக்கத்தில் நீலக்கொக்கு வரைந்த அந்தச் சின்னக் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. மிலோவுக்குத் தங்க அட்டை வந்தது. சர்ச் விருந்தில் அது கைக்குக் கை மாறியது. 'என் புருஷன் பருந்து மாதிரி, தரையில நிக்கமாட்டான்' என்று ஆர்டிஸ்தான் முதலில் ஆரம்பித்தாள். வெட்கமே இல்லாமல் பெருமையடித்துக்கொண்டாள். மிலோ உருளைக்கிழங்கைப் பார்த்தபடி சிரித்தான்.

தங்க அட்டைக்காரர் தன்னோடு ஒருவரை இலவசமாக அழைத்துப் போகலாம் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. இப்போது போனில் தெரிந்துவிட்டது. யாரோ போய்வந்துகொண்டிருக்கிறாள். குடும்பப் பெயரைக்கூடக் கொடுத்திருக்கிறான் படுபாவி.

இரண்டு நாளும் ஆர்டிஸ் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடந்தாள். மிலோ பேசியது எங்கோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் கையைத் தூக்கியபோது அவள் கற்பனையில் வெர்னாவுக்கு மெலிந்த கணுக்கால்கள் முளைத்தன. மத்தியானச் சாப்பாட்டில் செம்பட்டை முடி வந்தது. சாயங்காலம் துணி மடிக்கையில் வெர்னாவின் சிரிப்பே காதில் விழுந்தது, தொண்டைக்குள்ளேயே உருளுகிற சிரிப்பு. இருபத்தாறு வருஷக் குடித்தனம் அவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டாள். கேட்டுவிடலாம்தான். கேட்டால் மிலோ ஏதாவது சொல்வான், அவளும் நம்பித் தொலைப்பாள். அதனால் கேட்கவில்லை. வெர்னாவின் டிக்கெட்டைத் தானே வாங்கி, வெர்னாவின் இடத்தில் உட்கார்ந்துகொள்வது என்று முடிவு செய்தாள். வருகிறவள் வந்து நிற்கட்டும், முகத்தைப் பார்த்துவிடலாம்.

திங்கட்கிழமை மிலோ கிடங்குக்குப் போய் மாதிரிச் சாமான்களை எடுத்துக்கொண்டுதான் விமான நிலையம் போவான். ஆர்டிஸ் ஈஸ்டருக்கு மட்டும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு டாக்ஸியில் முந்திக்கொண்டாள். அந்தக் காலத்தில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. வாயால் சொன்ன பேர்தான் பேர். கவுன்டரில் இருந்த வழுக்கைத்தலைக்காரர் டிக்கெட்டை நீட்டிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப உடம்பு தேவலையா?" என்றார் அக்கறையாக.

"தேவலை" என்றாள் ஆர்டிஸ்.

நாலாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம், அதில் ஒரு ஆள் வேறொரு விமானத்துக்கு வழிகாட்டி விளக்கை அசைத்தபடி பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தான். ஏறிவந்த பெண்களை ஒவ்வொருத்தியாக அளந்தாள். சிவப்புக் கோட்டுக்காரி வந்தாள், ஆர்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள், அவள் கடந்து போனாள். கன்னியாஸ்திரி ஒருவர் வந்தார். ஒரு கணம் அவரையும் சந்தேகித்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். கடைசியாக மிலோ வந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது.

"ஆர்டிஸ்?"

"ஆர்டிஸ் வீட்டுல இருக்கா. நான் வெர்னா. உக்காரு, வழிய மறிச்சுக்கிட்டு நிக்காத."

மிலோ உட்கார்ந்தான். பணிப்பெண் ரோவீனா, பஞ்சுமிட்டாய்போலத் தலைமுடியைத் தூக்கிக் கட்டியவள், ஓடிவந்து ஆர்டிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருவழியா வந்துட்டீங்களா! வாராவாரம் பல்லு வலி, காய்ச்சல், பனின்னு இவர் சொல்லிக்கிட்டே இருப்பார். நீங்க வராம மிஞ்சுன கேக்கையெல்லாம் தின்னுதான் நான் இந்தக் கதியாயிட்டேன்."

கதவு சாத்தப்பட்டது. வேறு யாரும் வரவில்லை. ஆர்டிஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அவ?"

"யாருமே இல்ல, ஆர்டிஸ். சும்மா ஒரு பேரு. பக்கத்து சீட்டு காலியா இருக்கட்டும்னு போட்டேன்."

அவளுக்கு உடனே நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னொருத்தி என்றால் முடியைப் பிடித்து இழுக்கலாம், ஊரைக் கூட்டலாம். யாருமே வேண்டாம் என்கிறவனை என்ன செய்வது? இலவசமாகக் கிடைத்த இடத்தில் பெண்டாட்டியை உட்காரவைக்கத் தோன்றவில்லை, காற்றை உட்காரவைத்திருக்கிறான். செம்பட்டை முடிக்காரியே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

என்னைக் கூப்பிட ஒருதடவைகூடத் தோணலையா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. மிலோவின் கை இருவருக்கும் நடுவிலிருந்த கைப்பிடியைப் பிடித்தது. விரல் கணுக்கள் வெளுத்துப்போயின. கண்களை இறுக மூடிக்கொண்டான், நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து காலரை நனைத்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபமோ என்று ஆர்டிஸ் காதைக் கொடுத்தாள்.

"நாஸில்... வால்வு... கேஸ்கெட்... அரை இஞ்ச் குழாய்... முக்கால் இஞ்ச் குழாய்..."

விற்கிற சாமான்களைத்தான் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குழாய்கள் முடிந்து மோட்டார் பாகங்களுக்கு வந்தபோது விமானம் மேகத்தைத் தாண்டியிருந்தது.

"ஒவ்வொரு திங்களும் இப்படித்தான்" என்றான், கண்ணைத் திறக்காமல். "பக்கத்துல ஆள் இருந்தா பாத்துருவாங்க."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதான் பருந்து பருந்துன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியே." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினான். "வெர்னாகிட்ட சொல்லலாம். அவ யார்கிட்டயும் சொல்லமாட்டா."

ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுவதை அவன் பார்க்க வேண்டாம். கீழே, அவள் இதுவரை அண்ணாந்தே பார்த்திருந்த மேகம் முழுக்கத் தரையாகக் கிடந்தது, உழுது போட்ட வயல் மாதிரி, விதைக்க ஆளில்லாமல். வெயில் அதன்மேல் எந்தச் சத்தமும் இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு கோபத்திலும், எவ்வளவு அழகு என்று வியக்காமல் இருக்க முடியவில்லை. இதைப் பார்க்காமல் இத்தனை வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறானே பைத்தியக்காரன். கையை எடுத்து அவன் கைமேல் வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"வெர்னா யார்கிட்டயும் சொல்லமாட்டா" என்றாள். "இப்ப கண்ணைத் திற."

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது வெர்னா டென்வருக்குப் போனாள். தரையில் மிலோவும் ஆர்டிஸும் கூரைத் தகரத்தைப் பற்றியும் அவன் அக்காவைப் பற்றியும் சண்டை போட்டார்கள். வானத்தில் மிலோ வெர்னாவிடம் மரியாதையாகப் பேசினான், தன் கேக்கை அவளுக்குத் தள்ளினான். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து ஒருநாள் முழுக்கக் கிடந்ததை வெர்னாவிடம்தான் சொன்னான். வேலை பிடிக்கவில்லை, ஆனால் வேறெதுவும் தெரியாது என்று சொன்னதும் அவளிடம்தான். ஆர்டிஸ் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. இறங்கியதும் எல்லாம் கனவில் கேட்டதுபோல ஆகிவிடும். ரோவீனாவே படிவத்தை நிரப்பி வெர்னாவுக்கும் ஒரு மைல் கணக்கைத் திறந்துவிட்டாள். ஆர்டிஸ் தன் பேரில் ஒன்று தொடங்கிக்கொள்ளவே இல்லை.

பிறகு பெரிய கம்பெனி ஒன்று கொக்குக் கம்பெனியை விழுங்கியது. ஒரு காலை, பாதிவரை புதுச்சாயம் பூசிய விமானம் ஓடுதளத்து ஓரம் நின்றிருந்தது. வாலில் கொக்கின் உடம்பு மறைந்துபோய் இரண்டு கால்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. மிலோ தொப்பியைக் கழற்றினான். கொக்கின் ஆட்கள் புதுச் சட்டைக்குள்ளே பழைய கொக்குச் சின்னத்தைக் குத்திக்கொண்டு கொஞ்சகாலம் வந்தார்கள், ரோவீனாவும் அதில் ஒருத்தி. அப்புறம் அந்தப் பெரிய கம்பெனியை அதைவிடப் பெரியது விழுங்கியது. அட்டையின் நிறம் மாறியது, பேர் மாறியது, கேக் நின்றுபோய் வேர்க்கடலை வந்தது. மைல்கள் மட்டும் ஒவ்வொரு வயிற்றுக்குள்ளும் செரிக்காமல் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன.

அடையாள அட்டை கேட்க ஆரம்பித்த வருஷம் வெர்னா தரையோடு நின்றுவிட்டாள். கோடையில் இருவரும் போனபோது ஆர்டிஸ் ஆர்டிஸாகத்தான் ஏற வேண்டியிருந்தது. மிலோ வழியெல்லாம் கூரைத் தகரத்தைப் பற்றியே பேசினான். விமானம் டென்வர் மலைக்காற்றில் குலுங்கியபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "வெர்னா" என்றான் மெதுவாக. ஆர்டிஸ் கையைக் கொடுத்தாள்.

மிலோ எண்பத்தோராம் வயதில், பறக்காமல், தன் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தான். இலையுதிர் காலத்தில் விமானக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எந்தக் கம்பெனி என்பது ஆர்டிஸுக்கு நினைவில் நிற்கவில்லை. பேசிய பெண்ணின் குரலில் பள்ளிக்கூட வாசனை போகவில்லை. துக்கம் விசாரித்தாள், மிலோவின் மைல்களை ஆர்டிஸின் பேருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"இதே விலாசத்துல இன்னொருத்தங்க இருக்காங்கம்மா. வெர்னா குச்சேரா. ரொம்பப் பழைய கணக்கு, கொக்குக் கம்பெனி காலத்துது. உலகத்துல எங்க வேணும்னாலும் போயிட்டு வர்ற அளவுக்கு மைல் கிடக்கு. பல வருஷமா எங்கயும் போகல. அவங்க... இருக்காங்களா?"

அடுப்பில் கொலாச்சி வெந்துகொண்டிருந்தது. ஆர்டிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். ஒமாஹாவுக்கு மேலே ஒரே வெள்ளையாக மேகம் படர்ந்திருந்தது. அதற்கு மேலே இப்போது வெயிலடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"இருக்கா" என்றாள்.

"அப்ப அவங்களையே ஒருதடவை கூப்பிடச் சொல்றீங்களா? இல்லாட்டி வருஷக் கடைசியில கணக்க மூடிருவாங்க."

"மூடிடுங்கம்மா" என்றாள் ஆர்டிஸ். "அவர் இல்லாம அவ எங்கயும் போகமாட்டா."