தரை தேடப் போன பறவை

கயிற்றுக்குள் நின்ற பிள்ளைகளை நெருங்கி நிற்கச் சொன்னாள் மாதங்கி. கயிறுதான் கப்பல். அதற்கு வெளியே, முற்றத்தின் தார் முழுவதும் கடல். லண்டனின் மிச்சம் பகுதியில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைகளில் நடத்தும் தமிழ்ப் பள்ளி அது. இரண்டாம் வகுப்புக்கு இந்த மாதப் பாடம் பழைய கடலோடிகள். போன கிழமை வெள்ளித்தாளில் வள்ளம் செய்து தண்ணீரில் விட்டு, கடலைப் பருப்பை ஏற்றினார்கள். யாருடையது கடைசியாகத் தாழும் என்பது போட்டி. முதல் வள்ளம் சாய்ந்ததும் மாதங்கி தண்ணீரைக் கொட்டிவிட்டாள். பிள்ளைகள் கத்தினார்கள்.

இன்றைக்குத் தண்ணீர் இல்லை. கருவிகள் இல்லாத காலத்தில் கப்பல்காரர் கூண்டில் பறவை கொண்டு போவார்கள் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். நடுக்கடலில் திறந்துவிடுவார்கள். தரை கண்ட பறவை திரும்பாது. காணாத பறவை கப்பலுக்கே வரும், இறங்க வேறு இடம் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பச்சைப் படுக்கை விரிப்பை விரித்து வைத்திருந்தாள். அதுதான் தீவு. பறவையாகப் போகும் பிள்ளை அதைக் கண்டால் அங்கேயே நிற்கவேண்டும். காணாவிட்டால் திரும்பவேண்டும்.

முதலில் போன பவித்திரன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"தரை இல்லை!"

"நீ டொய்லெட்டுக்குத்தான் போனனீ," என்றாள் லக்‌ஷிகா.

அடுத்தது கம்சிகா. மாதங்கியின் மகள். வகுப்பில் அவளும் ரீச்சர் என்றுதான் கூப்பிடவேண்டும், கூப்பிடுவாள். கைகளை விரித்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைப் பக்கம் பறந்து போனாள். விரிப்பு மற்றப் பக்கம் இருந்தது. இப்போது திரும்பி வந்துவிடுவாள் என்று மாதங்கி நினைத்தாள்.

காலையில் ரதீசன் அழைத்திருந்தார். குட்மேய்ஸில் இருக்கும் அவளுடைய கணவனின் அண்ணன்.

"வியாழக்கிழமை ஆடி அமாவாசை. ஈலிங் கோயில்லை மோட்ச அருச்சனைக்குத் தம்பியின்ரை பேர் குடுக்கவேணும். போன முறையும் விட்டிட்டம். நீர் ஓம் எண்டாத்தான் குடுப்பன், மாதங்கி. உம்மை மிஞ்சிச் செய்யமாட்டன்."

"பின்னேரம் சொல்லுறன், அண்ணை."

"அவனுக்கு ஒரு வாய் தண்ணி..." அவர் முடிக்கவில்லை.

தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதம் இருக்கும் நாள் அது. பேர் கொடுத்தால் கம்சிகாவிடம் சொல்லவேண்டும். அப்பா வழியில் நிற்கிறார் என்றுதான் இதுவரை சொல்லியிருந்தாள். விசா மறுக்கப்பட்ட பிறகு கணவன் விதுசன் பிரான்சுக்கு வந்து, அங்கிருந்து இங்கிலாந்துக்கு ரப்பர் படகில் ஏறினான். ஏறுமுன் அழைத்தான். கடல் குளம் மாதிரிக் கிடக்கு என்றான். அது முந்தின மாரியில். படகில் வந்தவர்களில் சிலர் கரை சேர்ந்தார்கள். சிலருடைய உடல்கள் சேர்ந்தன. அவன் இரண்டிலும் இல்லை. ட்ராம் தரிப்பிடத்தில், படகில் போடும் மிதவை அங்கி போலச் செம்மஞ்சள் அங்கி போட்ட வீதி வேலைக்காரர் நின்றால், மாதங்கி இன்னமும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். ஒருமுறை ஒருவர் பார்த்துச் சிரித்தார். அவருடைய தலைமயிர் மழையில் நனைந்திருந்தது. அன்று அவள் ட்ராமில் ஏறவில்லை.

கம்சிகா வரவில்லை.

"கண்டிட்டாள்! தரைதான்!" பிள்ளைகள் கத்தினார்கள். கயிறு சைக்கிள் கொட்டகைப் பக்கம் இழுபட்டது.

"நில்லுங்கோ. ஒருத்தரும் அசையக்கூடாது." மாதங்கி கயிற்றைத் தாண்டினாள்.

"ரீச்சர், கடல்! தாண்டு போவீங்கள்!"

"ரீச்சருக்கு நீந்தத் தெரியும்."

"சப்பாத்தோடையா?"

நடந்தவள் பாதியில் ஓடத் தொடங்கினாள். கொட்டகைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு, கால்களைச் சேர்த்து வைத்தபடி கம்சிகா நின்றாள்.

"ஏன் பிள்ளை வரேல்லை? விரிப்பு இஞ்சை இல்லையே."

"தெரியும், ரீச்சர்."

"அப்ப?"

"நான் வந்தா, தரை இல்லை எண்டு ஆயிடும். வராட்டி இருக்கும்."

மதிலுக்கு அப்பால் ஒரு பஸ் நின்று கிளம்பியது.

"அம்மா," என்றாள் கம்சிகா. "அப்பா வரேல்லை எண்டா, அவர் தரையிலை நிக்கிறாரெண்டுதானே?"

ஓம் என்று சொல்லலாம். ரதீசனும் ஓமைத்தான் கேட்டிருந்தார். இருவரில் ஒருவருக்குத்தான் அவளால் அதைச் சொல்ல முடியும்.

குந்தியிருந்து மகளின் மணிக்கட்டுகளைப் பிடித்தாள்.

"பறவை இப்பிடி ஒளிச்சு நிக்கக்கூடாது, கம்சி. இல்லாட்டி இல்லையெண்டு வந்து சொல்லவேணும். கப்பல்காரர் பாத்துக்கொண்டு நிக்கினம். தரை எண்டு நம்பி இந்தப் பக்கம் வந்திடுவினம்."

"வந்தா?"

"குடிக்கிற தண்ணி முடிஞ்சிடும்."

கம்சிகா அதை யோசித்தாள்.

"அப்பா?"

"வியாழக்கிழமை பெரியப்பாவோடை கோயிலுக்குப் போவம். அங்கை வைச்சுச் சொல்லுறன்." மாதங்கி நிறுத்தினாள். "இல்லை. இப்பவே சொல்லுறன்."

சொன்னாள். சொல்ல அதிகம் இருக்கவில்லை. கம்சிகா அழவில்லை. தாயின் பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றதை. கொட்டகையைச் சுற்றி முற்றத்துக்கு வந்தபோது இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தினாள். பறவை பறந்துதான் வரவேண்டும். மெல்ல, கைகளை ஏற்றி இறக்கி, தாருக்கு மேலாக வந்தாள்.

கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். அவள் உள்ளே வருவதற்காகப் பவித்திரன் கயிற்றைத் தன் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தான். கம்சிகா உள்ளே போகவில்லை. கைகளை விரித்தபடியே, கயிற்றுக்கு ஓர் அடி வெளியே, கடலில் நின்றாள்.